குவாங்சோவில் ஐந்து நாள்: கடன்காரர்கள் வரிசையாக வந்த ஆண்டிறுதிப் போட்டி

2018ஆம் ஆண்டில் ஒரு பட்டம்கூட இல்லாமல்தான் பேட்மின்டன் வீராங்கனை பி.வி.சிந்து டிசம்பர் மாதத்துக்குள் நுழைந்தார். ஆட்டம் சரியில்லை என்று சொல்லவும் முடியாது. டெல்லியில் இறுதி வரை போனார், தோற்றார். கோல்டு கோஸ்ட், பாங்காக், நான்ஜிங், ஜகார்த்தா என்று அடுத்தடுத்து அதே கதை. முந்தைய ஆண்டின் கடைசியில் ஹாங்காங்கிலும் துபாயிலும் விட்ட இரண்டையும் சேர்த்தால், தொடர்ந்து ஏழு இறுதி ஆட்டங்கள் கைநழுவிப் போயிருந்தன. "ஃபைனல்னா சிந்துவுக்குக் கை நடுங்கும்பா" என்பது ஷட்டில் கோர்ட் ஓரத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொருவரும் சொல்கிற பேச்சாகிவிட்டது. நானும் சொன்னவன்தான்.

டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, சீனாவின் குவாங்சோ நகரில் தியான்ஹே உள்ளரங்கத்தில் அந்தப் பேச்சு முடிந்தது. ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவை 21-19, 21-17 என்று 62 நிமிடத்தில் வென்ற சிந்து, வேர்ல்டு டூர் ஃபைனல்ஸ் என்ற ஆண்டிறுதிப் போட்டியைக் கைப்பற்றினார். இந்தியர் யாரும் அதுவரை அதை வென்றதில்லை. 2009இல் ஜுவாலா கட்டா - டிஜு ஜோடி, 2011இல் சாய்னா நெவால், 2017இல் சிந்துவே என்று மூன்று முறை இறுதி ஆட்டத்தோடு நின்றிருந்தது.

மறுநாள் செய்தித்தாள்கள் சாபம் நீங்கியது என்ற பாணியில் எழுதின. எழுதட்டும். ஆனால் அந்த வாரத்தை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படுகிறது. அந்த ஏழு இறுதிகளில் சிந்துவைத் தோற்கடித்தவர்கள் ஆறு பேர். அவர்களில் நான்கு பேரை ஐந்தே நாளில் அவர் குவாங்சோவில் மறுபடி சந்தித்தார். நான்கு பேரையும் வென்றார். வேறு எந்தப் போட்டியிலும் அப்படி ஒரு வாரம் கிடைப்பது மிகவும் கடினம். அது எப்படி நடந்தது என்று பார்க்க, முதலில் இந்தப் போட்டி எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

எட்டுப் பேர், இரண்டு குழு

ஆண்டின் கடைசியில் சிறந்தவர்களை மட்டும் கூட்டி ஒரு போட்டி வைக்கும் பழக்கம் பேட்மின்டனில் 1983இல் தொடங்கியது. கிராண்ட் பிரிக்ஸ் ஃபைனல்ஸ் என்ற பெயரில் 2000 வரை நடந்தது. பிறகு சில ஆண்டுகள் இல்லை. 2008இல் மலேசியாவின் கோத்தா கினாபாலுவில் சூப்பர் சீரிஸ் ஃபைனல்ஸாக மறுபிறவி எடுத்து, 2014 முதல் 2017 வரை துபாயில் தங்கியது. 2018இல் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு ஆண்டு முழுதும் நடக்கும் போட்டிகளின் அமைப்பையே மாற்றி வேர்ல்டு டூர் என்று பெயரிட்டதும், ஆண்டிறுதிப் போட்டியும் புதுப் பெயரோடு குவாங்சோவுக்கு வந்தது. மொத்தப் பரிசுத் தொகை ஒரே தாவலில் 10 லட்சம் டாலரிலிருந்து 15 லட்சம் டாலர் ஆனது.

சாதாரணமாக ஒரு ஓப்பன் போட்டியில் ஒற்றையருக்கு 32 பேர். தோற்றால் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் சுற்றில் எளிய எதிராளி வரலாம், பெரிய ஆள் ஒருவரை வேறொருவர் நமக்காக வெளியேற்றி வைத்திருக்கலாம். அதிர்ஷ்டத்துக்கு அங்கே நிறைய இடம் உண்டு. ஆண்டிறுதிப் போட்டியில் அது குறைவு. ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகளின்படி எட்டே பேர், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு பேர். நால்வர் கொண்ட இரண்டு குழு. குழுவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். இரண்டு பேர் சமமாக வென்றிருந்தால் அவர்களுக்குள் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். மூன்று பேர் சமமென்றால் வென்ற கேம்களையும் (21 புள்ளி எடுத்தால் ஒரு கேம், மூன்றில் இரண்டு கேம் எடுத்தால் ஆட்டம்) இழந்த கேம்களையும் கழித்துப் பார்ப்பார்கள், அதற்கும் பிறகு புள்ளிகளை. அதனால் தோற்கும்போதும் எத்தனை புள்ளி எடுத்துத் தோற்கிறோம் என்பதற்கு மதிப்பு உண்டு.

பட்டமே வாங்காத சிந்து இந்த எட்டுக்குள் எப்படி வந்தார் என்றால், இந்தக் கணக்கு அடிக்கடி கடைசிச் சுற்றுகள் வரை வருபவருக்குச் சாதகமானது. இறுதி, அரையிறுதி, காலிறுதி என்று வாரா வாரம் சேர்ந்த புள்ளிகளே அவரைக் கொண்டுவந்தன. ஆண்கள் பக்கம் இந்தியாவின் சமீர் வர்மா இதற்கு நேரெதிர். சுவிஸ் ஓப்பன், ஹைதராபாத் ஓப்பன், லக்னோவில் சையத் மோடி என்று அந்த ஆண்டு மூன்று பட்டம் வென்றவர். நவம்பர் கடைசியில் லக்னோவில் வென்ற பிறகுதான் அவருக்கு குவாங்சோ டிக்கெட் உறுதியானது.

ஏழு தோல்விகளை எண்ணிப் பார்த்தால்

"கை நடுங்கும்" என்ற பேச்சுக்கு வருவோம். அந்த ஏழையும் ஒரே மூட்டையில் கட்டியது நம் சோம்பேறித்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

2017 நவம்பரில் ஹாங்காங்கில் தைவானின் தாய் சூ யிங்கிடம் 18-21, 18-21. அன்று தாய் உலகின் முதல் நிலை வீராங்கனை, அவரிடம் தோற்பதில் மர்மம் எதுவும் இல்லை. டிசம்பரில் துபாயில் ஜப்பானின் அகானே யமகுச்சியிடம் 21-15, 12-21, 19-21, 94 நிமிடம். 2018 பிப்ரவரியில் டெல்லியில் இந்தியா ஓப்பன். அமெரிக்காவுக்காக ஆடும் ஜாங் பெய்வெனிடம் 18-21, 21-11, 20-22. இதைக் கூட்டிப் பாருங்கள்: சிந்து எடுத்தது 59 புள்ளி, ஜாங் எடுத்தது 54. அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்றுப்போன ஆட்டம் அது. ஏப்ரலில் காமன்வெல்த் விளையாட்டில் சாய்னாவிடம் 18-21, 21-23. ஜூலையில் பாங்காக்கில் ஒகுஹாராவிடம் 15-21, 18-21. ஆகஸ்டில் நான்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் 19-21, 10-21. அதே மாதக் கடைசியில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மறுபடி தாயிடம் 13-21, 16-21.

ஏழில் தெளிவாக அடித்து நொறுக்கப்பட்டவை என்று சொன்னால் ஜகார்த்தாவும் நான்ஜிங்கின் இரண்டாம் கேமும்தான். துபாயும் டெல்லியும் கடைசி இரண்டு புள்ளிகளில் போனவை. அப்படிப் போனதை நெஞ்சுரம் இல்லாததன் அடையாளம் என்று சொல்வதற்கு, இன்னொரு பக்கம் அந்த இரண்டு புள்ளியை எடுத்தவரும் ஒரு மனுஷி என்பதை மறக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்கலாம். ஏழுக்கு முந்தைய இறுதி ஆட்டம் 2017 செப்டம்பர் கொரியா ஓப்பன். அதில் இதே ஒகுஹாராவை 22-20, 11-21, 21-18 என்று சிந்து வென்றிருந்தார். இறுதி ஆட்டம் என்றாலே நடுங்குபவர் அதை எப்படி வென்றார்?

இதெல்லாம் அப்போது எனக்கும் தோன்றவில்லை. தோற்ற அன்று யார் கால்குலேட்டரை எடுக்கிறார்கள்?

புதன் முதல் வெள்ளி வரை

குவாங்சோவில் குலுக்கலின்போது சிந்து விழுந்தது ஏ குழுவில். தாய் சூ யிங், யமகுச்சி, ஜாங் பெய்வென். மேலே உள்ள பட்டியலில் இருந்தே மூன்று பேர்! மறு குழுவில் ஒகுஹாரா, சீனாவின் சென் யூஃபெய், தாய்லாந்தின் ரட்சனோக் இன்டனோன், கனடாவின் மிச்செல் லி. முந்தைய நான்கு ஆண்டுப் பட்டங்களும் அந்த எட்டுப் பேரில் மூவரிடம்தான் இருந்தன: தாய் 2014, 2016, ஒகுஹாரா 2015, யமகுச்சி 2017.

முதல் நாள் யமகுச்சி, நடப்பு சாம்பியன். முதல் கேம் 24-22 வரை இழுத்தது, இரண்டாவது 21-15. இந்த இருவருக்கும் முந்தைய ஆண்டு துபாயில் நடந்தது நினைவிருந்தால் இந்த வெற்றியை யாரும் பெரிதாகக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். அங்கே குழு ஆட்டத்தில் யமகுச்சியை 21-9, 21-13 என்று சிந்து ஊதித் தள்ளினார். ஆனால் மூன்றாம் நாள் முடிந்து, அரையிறுதி முடிந்து, இறுதியில் வந்து நின்றது அதே யமகுச்சி. அன்று ஜெயித்தது அவர். குழு முறையின் வேடிக்கை இது. புதன்கிழமை நீங்கள் வீழ்த்திய ஆள் செத்துப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பாடம் படித்துவிட்டுத் திரும்பி வருவார். துபாயில் இறுதி வரை ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்த சிந்து, தோற்கக்கூடாத ஒன்றைத் தோற்றார்.

இரண்டாம் நாள் தாய் சூ யிங். என் பார்வையில் அந்த வாரத்தின் அச்சாணி இந்த ஆட்டம்தான், இறுதி ஆட்டம்கூட இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வென்ற பிறகு சிந்து தாயிடம் வென்றதே கிடையாது. தாயின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பது ஷட்டில் ராக்கெட்டை விட்டுப் போன பிறகுதான் தெரியும். ஸ்மாஷ் (மேலிருந்து ஓங்கி அடிப்பது) அடிக்கிற அதே தோரணையில் டிராப் (வலையருகே மெதுவாக விழவிடுவது) போடுவார். நெட் அருகே நின்று கடைசி நொடியில் மூலைக்குத் தட்டிவிடுவார். உயரமும் நீண்ட எட்டும் சிந்துவின் பலம், ஆனால் திசை மாறித் திரும்ப வேண்டும் என்றால் அதே உடம்புக்கு நேரம் எடுக்கும். தாய் அந்த நேரத்தைத்தான் திருடுவார்.

முதல் கேம் 14-21. வழக்கம் போல. ஓப்பன் போட்டியாக இருந்தால் மனது அந்த இடத்திலேயே விமான நிலையத்தை நினைக்கத் தொடங்கும். இங்கே அப்படி இல்லை. தோற்றாலும் வெள்ளிக்கிழமை ஓர் ஆட்டம் உண்டு, கையில் ஒரு வெற்றியும் உண்டு. அந்த இளைப்பாறல்தான் அவரை விடுவித்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, அது என் ஊகம். நடந்தது இதுதான்: அடுத்த இரண்டு கேமும் 21-16, 21-18 சிந்துவுக்கு. தாயின் ஆட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோட்டுக்கு ஒட்டி அடிக்கும் பழக்கம் அவருக்குப் பல புள்ளிகளைக் கொடுத்திருக்கிறது, ராலி, அதாவது ஒரு புள்ளிக்காக ஷட்டில் மாறி மாறிப் போய்வருவது, நீளும்போது அதே பழக்கம் ஷட்டிலை வெளியேயும் தள்ளும். எதிராளி பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் போட்டால் அவருடைய தவறுகள் கூடும். சொல்வது எளிது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பொறுமையாக இருக்க ஆள் வேண்டும்.

மூன்றாம் நாள் ஜாங் பெய்வென். டெல்லி இறுதியில் மட்டுமில்லை, அக்டோபரில் டென்மார்க் ஓப்பனின் முதல் சுற்றிலேயே சிந்துவை வெளியேற்றியவர். அந்த ஆண்டு இரண்டு முறை கடித்த பாம்பு. 21-9, 21-15 என்று முடிந்தது. மூன்றுக்கு மூன்று, குழுவில் முதலிடம். முதலிடத்துக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு: இரண்டு குழுக்களிலும் முதலிடம் பிடித்தவர்கள் அரையிறுதியில் மோத மாட்டார்கள்.

சனியும் ஞாயிறும்

அரையிறுதியில் ரட்சனோக். 2013இல், 18 வயதில், உலக சாம்பியன் ஆனவர். ஆட்டத்தின் அழகுக்காகவே அவரைப் பார்ப்பவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். 21-16, 25-23. அந்த 25-23 சும்மா வந்ததில்லை. இரண்டு பேரும் மாறி மாறி விளிம்பில் நின்ற கேம் அது. மூன்றாவது கேமுக்கு இழுக்காமல் முடித்ததால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் கால் மிச்சமானது.

மறு பக்கம் ஒகுஹாரா, யமகுச்சியை 21-17, 21-14 என்று வென்று வந்தார்.

சிந்துவும் ஒகுஹாராவும் என்றாலே 2017 ஆகஸ்ட், கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் இறுதிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 110 நிமிடம். ஒரே ஒரு புள்ளிக்காக 73 முறை ஷட்டில் வலையைக் கடந்த ராலி. 19-21, 22-20, 20-22. ஆட்டம் முடிந்தபோது இருவருமே நிற்கத் தெம்பில்லாமல் இருந்தார்கள். ஒகுஹாராவின் உயரம் சுமார் 155 சென்டிமீட்டர், சிந்து 179. ஒகுஹாராவின் ஆயுதம் ஸ்மாஷ் கிடையாது. நீங்கள் எங்கே அடித்தாலும் அவர் அங்கே இருப்பார். அடித்து அடித்து அலுத்துப்போய் நீங்களே ஒன்றை நெட்டில் போடும் வரை அவர் காத்திருப்பார். உயரமானவர் மேலிருந்து அடிக்க, குள்ளமானவர் கீழிருந்து எடுக்க, நீதிக்கதை மாதிரிதான் இருக்கும் இவர்கள் ஆட்டம். எது ஆமை, எது முயல் என்பது மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

அந்த ஆண்டு மட்டும் இவர்கள் பலமுறை மோதிவிட்டார்கள். ஆல் இங்கிலாந்து காலிறுதியில் சிந்து வென்றார், பாங்காக் இறுதியில் ஒகுஹாரா, நான்ஜிங் காலிறுதியில் மறுபடி சிந்து. ஒருவர் பையில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியும். ஒகுஹாராவுக்கு அது நல்ல இலையுதிர் காலமும்கூட. கொரியா ஓப்பன், ஹாங்காங் ஓப்பன் இரண்டையும் வென்றுவிட்டு வந்திருந்தார்.

முதல் கேமில் சிந்து பாய்ந்தார். இடைவேளையைத் தாண்டி 14-6 வரை முன்னிலை. எட்டுப் புள்ளி வித்தியாசம் என்பது இந்த அளவிலான ஆட்டத்தில் பாதி கேம் முடிந்த மாதிரி. ஆனால் எதிரே இருப்பது ஒகுஹாரா. ஒன்று, இரண்டு என்று சேர்த்து 16-16க்குக் கொண்டுவந்தார். டி.வி. முன்னால் இருந்த யாருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தோம். ஏழு முறை பார்த்த காட்சிதானே.

இந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைக்கிற இடம் இதுதான். 16-16க்குப் பிறகு சிந்து 20-17 என்று போனார். இன்னும் ஒரு புள்ளி போனால் கேம் போய்விடும் என்ற நிலையில் ஒகுஹாரா இரண்டு கேம் பாயின்ட்டைக் காப்பாற்றினார், 20-19. அடுத்த புள்ளி சிந்துவுக்கு. எட்டுப் புள்ளி முன்னிலையை இழந்தவருக்கு இரண்டு வழிதான் பொதுவாகக் கண்ணில் படும்: ஒன்று, பயந்து ஷட்டிலை நடுவிலேயே போட்டுக்கொண்டிருப்பது, இன்னொன்று, பொறுமை இழந்து எல்லாவற்றையும் ஸ்மாஷ் அடிப்பது. சிந்து இரண்டையும் செய்யவில்லை. ராலிகள் நீண்டால் நீளட்டும் என்று ஆடினார், வாய்ப்பு வந்தபோது மட்டும் அடித்தார். ஒகுஹாராவின் வேலையையே கொஞ்சம் கடன் வாங்கி ஆடியது மாதிரி இருந்தது. இரண்டாம் கேமிலும் நெருக்கம் இருந்தது, ஆனால் பயமுறுத்தவில்லை. 21-17. கிளாஸ்கோவில் 110 நிமிடம் ஆனது இங்கே 62 நிமிடத்தில் முடிந்தது. உலக சாம்பியன்ஷிப் அளவுக்குக் களைத்துப்போவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது என்பதும் ஒரு காரணம்தான்.

ஐந்து ஆட்டம், பதினொரு கேம், அதில் ஒன்றே ஒன்றுதான் இழப்பு. மொத்தப் புள்ளிகளைக் கூட்டினேன்: எடுத்தது 231, கொடுத்தது 191. கேமுக்கு நான்கு புள்ளிக்கும் கீழே வித்தியாசம். சாம்பியனுக்கும் சாம்பியன் ஆகாதவருக்கும் இடையில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் 24-22, 25-23, 21-19, 21-18 என்று இழுபறியில் முடிந்த கேம்கள் எல்லாம் இந்த முறை அவர் பக்கமே சாய்ந்தன. டெல்லியில் சாயாதது இங்கே சாய்ந்தது. வெற்றிக்குப் பிறகு அவர் பேசியதன் சாரமும் கிட்டத்தட்ட நிம்மதிதான்: ஏன் இறுதியில் தோற்கிறீர்கள் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

மற்ற கோர்ட்டுகளில்

சமீர் வர்மாவின் கதை தனி ஆய்வுக்குரியது, இங்கே சுருக்கமாக. முதல் ஆட்டத்தில் ஜப்பானின் கென்டோ மொமோடாவிடம் 18-21, 6-21 என்று அடி வாங்கினார். ஓப்பன் போட்டியில் அதோடு சரி. இங்கே அடுத்த இரண்டையும் வென்று அரையிறுதிக்கு வந்தார். அங்கே உள்ளூர்க் கூட்டத்தின் நடுவில் சீனாவின் ஷி யூச்சிக்கு எதிராக முதல் கேமை 21-12 என்று எடுத்து, இரண்டாவதில் மேட்ச் பாயின்ட் வரை போய், 20-22, 17-21 என்று தோற்றார். அந்த ஷி யூச்சிதான் மறுநாள் உலக சாம்பியன் மொமோடாவை 21-12, 21-11 என்று வென்றவர். சமீரின் அந்த ஒற்றைப் புள்ளியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் சீனா எடுத்துக்கொண்டது. பெண்கள் இரட்டையர் ஜப்பானின் மட்சுடோமோ - தகஹாஷி ஜோடிக்குப் போனது.

அப்புறம்

குவாங்சோவுக்குப் பிறகு பட்டங்கள் கொட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 2019இல் சிந்துவின் அடுத்த இறுதி ஆட்டம் ஜூலையில், இந்தோனேசியா ஓப்பன். யமகுச்சியிடம் 15-21, 16-21. சாபம் நீங்கியது என்று எழுதியவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் பாசலில் உலக சாம்பியன்ஷிப் இறுதி, எதிரே ஒகுஹாரா. 21-7, 21-7, 38 நிமிடம். கிளாஸ்கோவில் 110, குவாங்சோவில் 62, பாசலில் 38.

அந்த ஆண்டின் புள்ளிப் பட்டியலில் அவர் 15ஆவது இடத்தில்தான் இருந்தார். உலக சாம்பியன் என்பதால் ஆண்டிறுதிப் போட்டியில் இடம் கிடைத்தது. மறுபடி குவாங்சோ, மறுபடி தியான்ஹே அரங்கம். இந்த முறை யமகுச்சியிடம் 21-18, 18-21, 8-21, சென் யூஃபெயிடம் 22-20, 16-21, 12-21. இரண்டிலும் முதல் கேமை எடுத்துவிட்டுத் தோற்றதால் இரண்டே நாளில் அரையிறுதி வாய்ப்பு போய்விட்டது. ஆனால் குழு முறையில் மூன்றாம் ஆட்டம் ஆடாமல் போக முடியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாத அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் சீனாவின் ஹே பிங்ஜியாவோவை 21-19, 21-19 என்று வென்றுவிட்டு சிந்து ஹைதராபாத்துக்குத் திரும்பினார்.